கை என்பது எதுவரை

எங்கள் தெருவில் யாருக்காவது இங்கிலீஷில் ஒரு தாள் வந்தால் அது நேராக என் வீட்டுக்குத்தான் வரும். வங்கி நோட்டீஸ், பள்ளிக்கூடத்து டி.சி., செல்போன் கடைக்காரன் கொடுத்த வாரண்டி அட்டை, எதுவானாலும் சரி. நான் பனியனோடு வாசலுக்கு வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டுப் படித்துச் சொல்வேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஜட்ஜய்யா வந்துட்டாரு, எல்லாம் எய்ந்து நில்லுங்க" என்பாள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பன்னிரண்டாவதில் இங்கிலீஷ் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன் என்பதைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

எனக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று எழுதுவது. முதலுதவிப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். யாராவது விரலை வெட்டிக்கொண்டு வந்தால் மருந்து போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நீளமான நோட்டில் பெயர், நேரம், என்ன தொந்தரவு, என்ன மருந்து என்று நான்கு கட்டங்களையும் நிரப்பவேண்டும். தமிழிலேயே எழுதலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் எழுதியிருந்தார். 'வயித்தால போவுது' என்று அவர் ஒரு கட்டத்தில் எழுதிவைத்திருந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சேர்ந்த முதல் நாளிலிருந்து நான் இங்கிலீஷில்தான் எழுதினேன்.

நான் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி கொடுங்கையூரில் எங்கள் தெருதான், நாலு வீடு தள்ளி. கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலியில் போய்விட்டார். ஒரே மகளை அத்திப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இறால் அடுக்கித் தண்ணீர் ஊற்றிய தட்டுகளை, உறைய வைக்கிற அறையில் ரேக்குகளில் ஏற்றுகிற வேலை. மேல் அடுக்கு தலைக்கு மேலே இருக்கும். இறால் உரிக்கிற மேசையில் உட்காரும் பெண்களைவிட ரேக் வேலைக்குக் கூலி கூட. அக்காவுக்கு வாயும் பெரிசு, கையும் உரம். எங்கள் தெருவிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில் அவள் ஏறாத நாளில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கொரோனா நேரத்தில், ஊசி போட்டவர்களுக்குத்தான் கேட் திறக்கும் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. கேண்டீனில் முகாம் வைத்தார்கள். வெளியிலிருந்து ஊசி போட ஆட்கள் வந்திருந்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அக்கா ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கையின் கை இறுக்கம், மேலே சுருட்ட வரவில்லை. கழுத்துப் பக்கமாக இழுத்துத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். நின்றுகொண்டே ஊசி போட்ட அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது தோளின் மேல்முனை மட்டும்தான். அங்கேயே குத்திவிட்டாள்.

"இன்னாமே, இவ்ளோ மேல குத்துற? இன்னும் ரெண்டு அங்குலம் ஏத்திக் காதுலயே குத்திடு, கம்மலாவது மாட்டிக்கிறேன்" என்றாள் அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசிக்கு விரோதி இல்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் வண்டிகளை எண்ணுவதை எங்கள் பக்கத்து ஜனங்கள் நிறுத்தியிருந்த காலம் அது. நானும் போட்டுக்கொண்டேன், என் மனைவியும் போட்டுக்கொண்டாள், இருவரும் உயிரோடு இருக்கிறோம். மருந்தில் குறை இல்லை. குத்தின இடத்தில்தான் குறை.

இரண்டு நாள் கழித்து அக்கா முதலுதவிப் பெட்டிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நைனா, கை வலி உயிர் போவுது. ராத்திரி கண்ணு மூடல. கையத் தூக்கவே முடில."

"எந்தக் கை அக்கா?"

"ஊசி போட்ட கைதான். பீச்சாங்கை."

அவள் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இடது தோள்பட்டையை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்: 'ஹேண்ட் பெயின், லெஃப்ட்.' ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, "ஊசி போட்டா எல்லாருக்கும் அப்டித்தான் அக்கா, ரெண்டு நாள்ல சரியாப் போவும்" என்று அனுப்பிவைத்தேன். நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கைதான். கை என்றால் ஹேண்ட் என்று ஒன்றாம் வகுப்பில் படித்தது. அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. எழுத்து அழகாக விழுந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டதாகக்கூட ஞாபகம்.

வலி போகவில்லை. மாதம் இரண்டு ஆயிற்று. கை காது வரைக்கும்கூட எழும்பவில்லை. மேல் ரேக்குக்குத் தட்டு ஏற்ற முடியாமல் இரண்டு தடவை கீழே போட்டாள். சூப்பர்வைசர் உரிக்கிற மேசைக்கு மாற்றினார். அங்கே கூலி குறைவு என்பதோடு, வேனில் பேச்சும் ஆரம்பித்தது. ரேக் வேலை செய்த இன்னொரு பெண், பின்சீட்டிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நம்மளும்தான் ஊசி போட்டுகினோம். நமுக்கு ஒண்ணியும் ஆவல. சிலருக்கு மட்டும் கை வராதாம். வேலைய டபாய்க்கிறதுக்கு நல்ல ரூட்டுப்பா" என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயாடி வாயை மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. அவளுடைய கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஒற்றைக் கையால் போட்ட கொண்டை அது. அந்த வீட்டில் பின்னி விட வேறு ஆள் கிடையாது.

அடுத்த மாதம், ஆளைக் குறைக்கிறோம் என்று அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், கையின் சதையில் போகவேண்டிய ஊசி மேலே ஏறி மூட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அங்கே வீங்கித் தோள் இறுகிவிட்டது என்று விளக்கியிருக்கிறார். சீட்டிலும் 'ஷோல்டர்' என்றுதான் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் அழுதாள். வலிக்கு அழவில்லை. "பாத்தியா நைனா, மெய்யாலுமே கீது. நான் நடிக்கல" என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்து வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டாள். அவர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, 'இடது தோள்பட்டை' என்று சரியாகத் தமிழில் எழுதியிருந்தார். எவ்வளவு கேட்டிருக்கிறாய் என்று நான் விசாரித்தேன்.

"துட்டு வர்றப்ப வரட்டும் நைனா. கொட்த்தா வாணாம்னு சொல்லப் போறதில்ல. ஆனா எனுக்கு ஒரு எய்த்து வோணும். இவ நடிக்கல, ஊசியாலதான் இவ கை போச்சுன்னு கம்பெனி கைப்பட ஒரு எய்த்து. அத்த எட்த்துகினுபோய் அந்த வேன்ல காமிக்கணும்."

விசாரணைக்கு முதலுதவி நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. நோட்டை எழுதியவன் என்பதால் நானும் போகவேண்டும். அலுவலகத்துக்குப் போகும் வழியில் பஸ்சில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான், பதினோரு மாதம் கழித்து, எனக்கு உறைத்தது. ஹேண்ட் என்றால் மணிக்கட்டுக்குக் கீழே. விரலும் உள்ளங்கையும். செல்போனில் தேடியும் பார்த்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. நோட்டை அதிகாரி முன்னால் விரித்து வைத்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமா சார்."

"அந்தம்மா சொன்னதைத்தானே எழுதினீங்க? நீங்களா எதுவும் சேர்க்கலையே?"

"இல்ல சார்."

"கைன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா சார். கைன்னுதான்."

மூன்றும் உண்மை. ஒவ்வொன்றும் உண்மையாக இருந்ததுதான் என்னைக் கொன்றது. இறால் தட்டு தூக்குகிறவர்களுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் வலி வருவது சகஜம், தோள் வலி என்பது இரண்டு மாதம் கழித்து முளைத்த புதுக்கதை என்று வக்கீல் அதிகாரியிடம் சொன்னார். அதையெல்லாம் அவர் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி அக்காவிடம் திரும்பி, "ஏம்மா, முதல்ல கை வலின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார், கைதான்! அந்தத் தம்பி அன்னிக்கே எய்திட்டாப்ல" என்றாள் அக்கா, என்னைப் பெருமையாகப் பார்த்து.

வாயைத் திறந்து, சார், எங்கள் பாஷையில் கை தோள் வரைக்கும், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு நிமிஷ வேலை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள் என்று தேதி கொடுத்தார்.

அன்றைக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர்தான், தூத்துக்குடிப் பக்கம். உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பின்னாலிருந்து முன்னால் பத்துப் பதினைந்து பக்கங்களைப் புரட்டினார்.

"கைக்கும் தோளுக்கும் இங்கிலீஷ்ல என்னன்னு தெரியாமலா இத்தனை வருஷமா இங்கிலீஷ்ல எழுதுதீங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அப்ப இந்த நோட்டுல எது சரி, எது தப்பு? வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வந்தா நான் எதைக் காட்ட?"

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எழுதிக் கொடுங்க. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது, தெரியாம எழுதிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் மேல அனுப்புதேன். அப்புறம் அந்த சீட்டுக்கு வேற ஆள்தான் போடணும், அதையும் யோசிச்சுக்கிடுங்க."

சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேனாவை எடுக்கவிடாமல் பிடித்துக்கொண்டது அது மட்டும் இல்லை. 'எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது' என்ற நான்கு சொற்கள்தான். தெருவில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குகிறவனால் அதை எழுத முடியவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். துவைக்கும்போது என் மனைவி எடுத்து, ஒன்றும் எழுதாத தாள்தானே என்று குப்பையில் போட்டுவிட்டாள்.

நான் எழுதிக் கொடுக்காததால் நோட்டில் இருந்தது அப்படியே நின்றது, கம்பெனிக்கு அது போதும் போல. நாலு நாளில் மேனேஜர் கூப்பிட்டு, சமாதானமாகப் போய்விடலாம் என்று மேலிடம் சொல்வதாகச் சொன்னார். அக்கா கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் கூடப் பணம். லேபிள் ஒட்டுகிற மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல இருந்தது. ஒப்பந்தத் தாளைப் படிக்கும் வரைக்கும்தான்.

இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். தடுப்பூசி முகாமுக்குப் பிறகு தொழிலாளி தெரிவித்த 'லெஃப்ட் ஹேண்ட்' வலி சம்பந்தமாக, மனிதாபிமான அடிப்படையில், கம்பெனி எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல், என்று போனது. தோள் என்ற சொல் எங்கேயும் இல்லை. கடைசி வரியில், மேற்கண்டவை தொழிலாளிக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டன என்று எழுதி, அதன் கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நோட்டுல உள்ளதைத்தான் போட முடியும்" என்றார் மேனேஜர். "மாத்தணும்னா மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. அந்தம்மா தாங்குவாங்களா?"

அக்கா வந்தாள். கொண்டை அன்றைக்கு நேராக இருந்தது. மகள் அத்திப்பட்டிலிருந்து வந்து போட்டுவிட்டுப் போனாளாம். என் எதிரில் உட்கார்ந்து, "ஒரு வரி உடாம படி நைனா. அப்பால அத்த உட்டுட்ட, இத்த உட்டுட்டன்னு சொல்லக்கூடாது" என்றாள்.

நான் செருமிக்கொண்டு படித்தேன். ஒரு வரி விடாமல்தான் படித்தேன். கம்பெனி பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் படித்தேன். "அவுங்க என்னிக்கு ஒத்துகினு கீறாங்க" என்று தள்ளிவிட்டாள். அந்த வரிக்கு வந்தேன். ஹேண்ட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வேறு எப்படியும் சொல்ல முடியாது. "தடுப்பூசி முகாமுக்குப் பிறகு ஏற்பட்ட இடது கை வலி" என்றேன்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "போட்டுட்டாங்களா? ஊசிக்கு அப்பால, கை வலின்னு போட்டுட்டாங்களா?"

தமிழில் சொன்னதும் அந்தப் பொய் உண்மையாகிவிட்டது. அதைத் திரும்ப உடைத்து, அக்கா, இந்தத் தாளில் இருப்பது உன் விரலும் உள்ளங்கையும்தான், உன் தோள் இதில் இல்லை, அதற்குக் காரணம் நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கையெழுத்துப் போடமாட்டாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். தாளைத் தூக்கி மேனேஜர் மேசையில் அடித்திருப்பாள். பணமும் இல்லை, வேலையும் இல்லை. அவளுடைய நல்லதுக்குத்தான் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஆமா அக்கா. போட்டுகீறாங்க."

"எந்த எட்த்துல கீது? காமி."

விரலால் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. மறந்துவிடக்கூடாது என்று தன் பிரதியில் அந்த இரண்டு சொற்களின் கீழே என்னையே பென்சிலால் கோடு போடச் சொன்னாள். போட்டேன். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. படித்து விளக்கப்பட்டது என்பதற்குக் கீழே நானும் போட்டேன். என் கையெழுத்து எப்போதும்போல அழகாக விழுந்தது.

அடுத்த வாரம் அக்கா மறுபடி வேனில் ஏறினாள். டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றபோது பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கடையில் கொடுத்து லாமினேஷன் செய்திருந்தாள். பின்சீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"நடிக்கிறேன்னு சொன்ன இல்ல? தோ பாரு. கம்பெனியே எய்திக் குட்துகீது."

"எனுக்கு இன்னா தெரியும், இங்கிலீஷுல கீது" என்றாள் அந்தப் பெண்.

"உனுக்குத் தெரியலன்னா இன்னா? படிக்கிறவரு முன்னாடிதான குந்திகினு கீறாரு."

வலது கையில் தாளைப் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். மார்பு உயரம் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தாளை அந்த உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, நான் போட்டுக்கொடுத்த பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தாள். வேனில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"படி நைனா. சத்தமா."

நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன்.

"இடது கை" என்று படித்தேன்.